ராணியம்மாள் பெயரில் ஒரு புள்ளி

பௌர்ணமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு அந்த இணையப் பக்கம் வெள்ளையாகிப் போனது. பிழை என்று ஒரு வரி காட்டியிருந்தாலாவது பரவாயில்லை, அதுவும் கிடையாது. வெறும் வெள்ளை.

கிரிவலக் கூட்டத்தில் சொந்தக்காரர்களைத் தவறவிட்டவர்களின் பெயர்களைத் தன்னார்வலர்கள் அதில்தான் போடுவார்கள். மலையைச் சுற்றியுள்ள உதவிக் கூடாரங்களின் திரைகளில் அந்தப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் செய்துகொடுத்தவள் கஸ்தூரி. செங்கம் ரோட்டில் வாடகை அறையில் உட்கார்ந்து விடுதிகளுக்கு இணையதளம் எழுதுகிறவள். கூடாரங்களில் ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்று போன் வந்ததும் கணினியைத் திறந்தாள்.

முந்தாநாள்தான் அதில் கை வைத்திருந்தாள். பட்டியலில் தெரியும் போன் நம்பர்களை எவனெவனோ எடுத்துத் தொல்லை கொடுக்கிறான் என்று, நம்பரை மறைக்கக் கால்பேக் என்றொரு சிறு நிரலைச் சேர்த்தாள். தளத்தை ஓட்டும் பிஎச்பி மொழி முழுப் பக்கத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்து அந்தக் கால்பேக்கிடம் கொடுக்கும். அது திருப்பித் தருவதுதான் திரைக்குப் போகும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! ஆனால் காலையில்கூட ஒழுங்காகத்தானே ஓடியது?

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கால்பேக்குக்குள்ளேயே நாலு இடத்தில் எக்கோ என்ற அச்சடிக்கும் கட்டளையைப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. இருபது நிமிடம் அப்படியே போன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். கால்பேக்குக்குள் அச்சடிப்பது எதுவும் வெளியே வராது, அந்தப் பிஎச்பி அதை அப்படியே முழுங்கிவிடும். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது சும்மாவா? எல்லாவற்றையும் ஒரு லாக் கோப்பில் எழுதச் செய்து மறுபடி ஓட்டினாள்.

இப்போது தெரிந்தது. உள்ளே போகும் பக்கம் முழுசாக இருக்கிறது. நம்பரை மறைக்கும் வரியைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. காரணம், பட்டியலில் எங்கோ ஓர் எழுத்து உடைந்திருக்கிறது. ஓர் எழுத்து உடைந்தால் அந்த வரி மொத்தப் பக்கத்தையும் கைவிட்டுவிடும்.

தேடினாள். 'ராணியம' என்று ஒரு பெயர் நின்றது, அதற்கடுத்த புள்ளி பாதியில் அறுந்திருந்தது. பெயருக்கு இருபது பைட் இடம் போதும் என்று வெட்டச் சொன்னவள் அவளேதான். ஆங்கிலத்தில் அடித்தால் இருபது எழுத்து வரும், தமிழில் எழுத்து, கால், புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும். இத்தனை மாதமும் எல்லாரும் ஆங்கிலத்திலேயே அடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்து வந்திருக்கிறாள்.

போட்டது யார்? அடி அண்ணாமலைக் கூடாரத்துத் தமிழ்செல்வி, இந்த மாதம்தான் சேர்ந்தவள். கஸ்தூரி போனை எடுத்தாள்.

"ஏங்க, யாரு உங்கள தமிழ்ல அடிக்கச் சொன்னது? மொத்தப் பக்கமும் போச்சு! அத அழிச்சிட்டு இங்கிலீஷ்ல போடுங்க."

"அழிக்கிறது ஒன்னும் பெரிசில்லீங்க மேடம்," என்றாள் தமிழ்செல்வி. "ஆனா அந்தம்மா வீட்டுக்காரரு தமிழு மட்டும்தான் படிப்பாராம். இங்கிலீஷ்ல போட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

கஸ்தூரி அந்தம்மாவின் முழுப் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். "அழிக்காதீங்க. பத்து நிமிஷம்," என்று சொல்லி வைத்தாள்.

பைட்டை விட்டுவிட்டு எழுத்தை எண்ணி வெட்டும்படி, பெயரை வெட்டும் வரியை மாற்றினாள். உடைந்த பெயரைத் தன் கையாலேயே முழுசாக அடித்தாள். பக்கம் வந்தது. ஏழு பெயரும் வந்தன. ஏழாவதாக, கடைசிப் புள்ளி வரைக்கும், ராணியம்மாள், கீழ்பென்னாத்தூர்.

அரைமணி கழித்துத் தமிழ்செல்வி கூப்பிட்டாள். "வந்துட்டாருங்க! ஆட்டோ புடிச்சு வந்துட்டாரு. பேசுங்க."

"நான் ஆதிமூலம் பேசறேம்மா." மூச்சு வாங்கியது. "கோபுரத்தாண்ட அந்த டிவி முன்னால ரொம்ப நேரமா நிக்கிறேன். மொதல்ல எல்லாம் இங்கிலீசா ஓடுச்சு. அப்புறம் ஒன்னுமே வரல. சரி, ஊருக்கே போயிருப்பா, பஸ்ஸு ஏறிடலாம்னு திரும்பினேன். அப்பதான் எங்க வீட்டுக்காரி பேரு வந்துச்சு. தமிழ்ல வந்துச்சும்மா." பின்னால் ஒரு பெண் குரல், "எவ்ளோ நேரம் பேசுவ, தண்ணி குடி மொதல்ல," என்று அதட்டியது.

கஸ்தூரிக்குக் கண் நிறைந்துவிட்டது. போன் தமிழ்செல்வி கைக்குத் திரும்பியதும் சொன்னாள்.

"உங்கள திட்டிட்டேங்க, மன்னிச்சிடுங்க. நீங்க இங்கிலீஷ்ல அடிச்சிருந்தா என் பக்கம் நல்லாத்தான் ஓடியிருக்கும். அவரு பஸ் ஏறிப் போயிருப்பாரு. ரொம்ப நன்றிங்க."

"அட விடுங்க மேடம். இங்க இன்னும் ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, எதுல போடட்டும்?"

"தமிழ்லயே போடுங்க," என்றாள் கஸ்தூரி. "எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் போடுங்க."