வெறும் ஆணி

...தின்றுவிட்டாளாம், அதையும் இவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாளே, ஏதோ போகிற போக்கில் மரத்திலிருந்து மல்பெரிப் பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி, "நீங்க கடிச்சு வச்சிட்டுப் போன ரொட்டிய நான் தின்னுட்டேன்" என்று... தூராப் கடிதத்தை நான்காவது தடவையாக மடித்தான், மடித்த கையோடு மறுபடியும் பிரித்தான். மேலே கம்பளிக் கோட்டு, உள்ளே பிறந்த மேனி. பேன் ஒழிக்கிறோம் என்று காலையிலேயே எல்லாருடைய உடுப்பையும் உருவி இரும்புப் பீப்பாயில் தொங்கவிட்டு ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக் காலரில் அம்மா தைத்துக் கொடுத்த தாயத்தும் சேர்ந்து வேகிறது, உள்ளே மடித்து வைத்த காகிதத்தின் எழுத்தெல்லாம் கரைந்தே போயிருக்கும்... வெந்து வந்ததும் மாட்டிக்கொண்டு சாயங்காலத்துக்குள் நீப்பர் ஆற்றைக் கடந்தாக வேண்டும், அதற்கு முன்பே தபால் வண்டி கிளம்பிவிடும், அதற்குள் பதில் எழுத வேண்டும். என்னத்தை எழுதுவது? அவள் கேட்டிருப்பது ஒரே ஒரு வரி. "நான் வேண்டாம்னு எழுதினீங்கன்னா உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். எங்கப்பா வேற எடம் பாக்கறாரு, சரின்னு தலையாட்டிடுவேன்."

இந்தக் கடிதம் எழுதிய நஸோகத் சுட்ட ரொட்டிதான் அது. ஃபெர்கானாவில் அவர்கள் ஊரில் யார் பட்டாளத்துக்குப் போனாலும் வாசலில் நின்று ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்கள், மீதியை ஆணியில் மாட்டிவிடுவார்கள், போனவன் திரும்பி வந்து அவனேதான் அதைத் தின்ன வேண்டும், அந்த ரொட்டி தொங்குகிற வரைக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பஞ்சம் வந்தாலும் சரி, அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அன்றைக்கு அம்மா அழுதுகொண்டே ரொட்டியை நீட்ட, பக்கத்து வீட்டு நஸோகத் மணிக்கட்டில் காய்ந்த மாவோடு நின்றுகொண்டிருந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டே கடித்ததில் கொஞ்சம் பெரிய வாயாகவே கடித்துவிட்டான். அம்மா கண்ணைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் அவள் சொன்னாள், "தொழுகைய மட்டும் விட்டுடாதீங்க. இத நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான் பேச்சு. ஊரில் பள்ளிவாசலையே சர்க்கார் பருத்திக் கிடங்காக்கி வைத்திருந்த காலத்தில் ஒரு பெண் அப்படிச் சொன்னாளே என்று ரயிலில் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. பார்த்துக்கொள்கிற லட்சணமா இது?

"உங்கம்மாவுக்கு ஊட்டிவிட்டேன்னு பொய் எழுதலாமான்னு நெனச்சேன். இல்ல. அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தாங்க, பாத்துக்க வந்தேன், ரெண்டு நாளாப் பட்டினி, ஆணிக்குக் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அப்புறம் நானேதான் தின்னேன். உங்க உயிரையே நான் தின்னுட்டேன்னு உங்க அண்ணி தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா." அண்ணி சொன்னதில் என்ன தப்பு... சே, அண்ணி ஒரு நாள் அவளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றியிருப்பாளா? இருந்தாலும் தின்னலாமா, என் உயிர்தானே அங்கே தொங்கியது, இன்றைக்கென்று பார்த்தா இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரி பீரங்கியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். பக்கத்தில் இன்னொரு கோட்டுக்குள் சுருண்டிருந்த கஸாக் இனத்துச் சிப்பாய் எர்மெக் எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ளே, காகிதத்துலயும் பேன் பாக்கறியா?" "மூடிக்கிட்டு இருடா." "சரிப்பா, சரிப்பா. சட்டைதான் இல்ல, கோவத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

பொய் எழுதலாமா என்று நினைத்தாளாம், ஆனால் எழுதவில்லை. அந்த இடம்தான் திரும்பத் திரும்பக் குத்தியது. அவன் எழுதினானே, ஒவ்வொரு கடிதத்திலும், "அஞ்சு வேளையும் தவறல" என்று! கடைசியாக எப்போது தொழுதான், பனி கொட்டிய மாதத்திலா, அதற்கும் முன்பா? முதலில் நேரமில்லை, பிறகு தண்ணீரில்லை, பிறகு யாராவது பார்த்துவிடுவார்கள், பிறகு காரணம் தேடுவதையே விட்டுவிட்டான். பன்றிக்கறி டப்பா இருக்கிறதே, முதல் தடவை எர்மெக்தான் பிரித்துக் கொடுத்தான், "கண்ண மூடிக்கிட்டுத் தின்னுடா, இங்க ஆட்டு மந்த இல்லேன்னு மேல இருக்கறவனுக்குத் தெரியும்" என்று. அது உயிர் போகிற பசி, அதற்கு மன்னிப்பு உண்டு. அப்புறம் தின்றதெல்லாம்? பசியே இல்லாத நாளிலும் விரலை விட்டு வழித்துத் தின்றானே, ருசியாக இருந்ததே! அவள் பட்டினியில் தின்றாள், தின்றேன் என்று சொல்லிவிட்டாள். இவன் ருசிக்குத் தின்றுவிட்டு நியாயம் கேட்கப் புறப்பட்டிருக்கிறான். வெட்கமாக இருந்தது, கோட்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

தபால்காரன் வண்டியைப் பூட்டத் தொடங்கியிருந்தான். பென்சிலை எடுத்து, கடிதத்தின் தேதியைப் பார்க்கலாம் என்று முதல் வரிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஜூலை ஐந்து. இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. அப்படியானால் ஆகஸ்டில், அந்தச் சூரியகாந்திக் காட்டில், அவனுக்கும் எர்மெக்குக்கும் நடுவே குண்டு வந்து மண்ணில் செருகி வெடிக்காமல் நின்றதே... "எங்க வீட்டு ஆணியில ரொட்டி தொங்குதுடா, என்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்று கத்தினானே, "அப்ப நான் எப்படிடா பொழச்சேன், எங்க வீட்ல ஒரு எழவும் தொங்கலையே" என்று எர்மெக் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்களே, அன்றைக்கு ஆணியில் ஒன்றுமே இல்லை. தாயத்தா? தொழாதவனுக்கா? ஒன்றும் பிடிபடவில்லை. "லெட்டர் இருந்தா குடுங்கப்பா, கெளம்பிட்டேன்!" வேகமாக எழுதினான். "ரொம்பக் காஞ்சு போயிருக்குமே, பல்லு வலிச்சுதா? எங்க வீட்டுக்கு எப்பவும் போல வா. வேற எடத்துக்குச் சரின்னு சொல்லிடாத. அஞ்சு வேளையும் தவறலன்னு எழுதினது பொய். இதுக்கப்புறம் வேண்டாம்னு எழுதறதுன்னா நீ எழுது." உறை கிடைக்காததால் எல்லாரையும் போல முக்கோணமாக மடித்து, கோட்டைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிப்போய்க் கொடுத்தான். திரும்பி வந்தபோது உடுப்பு வெந்து வந்திருந்தது, சுடச்சுட மாட்டிக்கொண்டதும் தாயத்து கழுத்தில் ஈரமாக ஒட்டியது. ரொட்டி இல்லாமல் முதன்முதலாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் இறங்கினான்... முதன்முதலாக இல்லையே.