ஓய்வு: பதினாறு மணி நேரம்

ஐரினை அடக்கம் செய்த இருபத்தாறாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். நான் ரோஸ்டர் டெஸ்க். எந்த விமானத்தில் யார் போவது, போன ஊரில் எத்தனை மணி நேரம் தங்குவது என்று போடுகிறவர்கள் நாங்கள். ஐரின் அதே நிறுவனத்தின் விமானப் பணிப்பெண்.

மேலாளர் ரகுராம் ஒரு தாளை முன்னால் வைத்தார்.

“ஐரின் ஆக்சிடென்ட் விசாரணைக்கு இது போகணும்ப்பா. ரெஸ்ட் கரெக்டா குடுத்தோம்னு டெஸ்க்ல ஒருத்தர் சைன் பண்ணணும். அன்னிக்கு டியூட்டில நீதான் இருந்தே.”

“நான் அவ புருஷன் சார்.”

“அதனாலதான். நீ போட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

தாளில் இருந்தது: லண்டன். ஓய்வு: பதினாறு மணி நேரம்.

பொய் இல்லை. விமானம் நின்று அரை மணி ஆனதும் எங்கள் கணினியில் ஓய்வு தொடங்கிவிடும். குடியேற்ற வரிசையில் நிற்பது ஓய்வு. ஹோட்டலுக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போவது ஓய்வு. அன்று அறை தயாராகவில்லை. லாபி சோபாவில் சீருடையோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதுவும் ஓய்வு. கட்டிலில் ஆறு மணி நேரம் கிடந்திருப்பாள். தூங்கினாளா என்பதற்குக் கணினியில் கட்டம் இல்லை. ரகுராமை அந்த சோபாவில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

திரும்பும் விமானத்திலும் வேலை பார்த்து பெங்களூரில் இறங்கி, ஸ்டாஃப் பார்க்கிங்கில் இருந்த ஸ்கூட்டரை எடுத்தாள். ஹெப்பாள் மேம்பாலத்துக்கு முன்னால், நின்றிருந்த லாரியில் மோதினாள். பிரேக் போட்ட தடம் இல்லை என்று போலீஸ் எழுதியிருக்கிறது.

“லாபியில நாலு மணி நேரம் சார்.”

“அது ஹோட்டல்காரன் தப்பு. ஃபேட்டீக்னு அவ கால் பண்ணியிருந்தா வேற கதை. லாக்ல எதுவும் இல்லையே.”

களைப்பு என்று யாராவது கூப்பிட்டால் மேலே அறிக்கை போக வேண்டும். போனால் ரோஸ்டரைக் கிளறுவார்கள். அதனால் ‘சிக்னு, உடம்பு சரியில்லைன்னு சொல்லு’ என்போம். அந்த நாள் அவர்கள் லீவில் கழிந்துவிடும். நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஐரினும் கூப்பிட்டாள், லாபியிலிருந்து. எடுத்தது நான்.

“ஃபேட்டீக். எழுதிக்கோ நீல்.”

“சிக்னு போடட்டா?”

“எனக்கென்ன ஜுரமா? தூக்கம்டா. எழுத மாட்டியா?”

“என் ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம். வேணாம் ஐரின்.”

“நல்லா வந்து வாச்சே எனக்கு. விடு, வரேன்.”

லாக்கில் நான் எதுவும் எழுதவில்லை.

ரகுராம் பேனாவை நீட்டினார். “போடுப்பா. முடிச்சுடலாம்.”

தாளை அவர் பக்கம் தள்ளினேன். கணினியில் களைப்புப் படிவத்தைத் திறந்தேன். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட நான் திறந்ததில்லை.

“என்ன பண்றே?”

“என்ட்ரி போடறேன். லேட்டா.”

“அவ போய் ஒரு மாசம் ஆகப்போகுது. உன் வேலை போயிடும்.”

“போகட்டும். அந்த ரெஸ்ட்டுக்கு அப்ரூவல் குடுத்த உங்க பேரும் கீழ வரும் சார்.”

அழைத்தவர்: ஐரின். அழைப்பை எடுத்தவர்: நீல். அழைத்தவரிடம் சொன்னது என்ன என்று அடுத்த கட்டம் கேட்டது.

சிக்னு போடட்டா, என்று அடித்து அனுப்பினேன்.