ஐந்தாவது ஹெட்

ஒரு புல் வெட்டும் மெஷினுக்கு ஒரு ஹெட் போதும். என்னிடம் மூன்று வாரத்தில் நான்கு வந்து போயின. ஹெட் என்பது மெஷினின் நுனியில் நைலான் நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் உருண்டை; அது சுழல, வெளியே நீட்டிய நரம்பு புல்லைச் சீவும். நான் ஆஸ்பத்திரித் தோட்டக்காரன், பத்து வருஷமாக இதே வேலை. நான்கு ஹெட்டும் என் மெஷினுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. நான்கையும் சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

காரணம், உதிரிபாகக் கடைக் கவுன்ட்டரில் இருப்பவள். காதில் பென்சில் செருகியிருப்பாள். டப்பாவைத் திறக்காமல் குலுக்கியே உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். முதலாளியான அவள் அப்பா பின்னால் பட்டறையில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார். அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தாறு வயதில் இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

நான்காவதைத் திருப்பிய அன்று அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"இதுவும் சேரலயா?"

"ஆடுதுங்க."

உள்ளே போய் இன்னொரு டப்பாவைக் கொண்டு வந்து டொக்கென்று வைத்தாள். "இதுதான் கடைசி. இதுவும் சரியில்லன்னா வேற கடை பாத்துக்கங்க."

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். சேரவில்லை என்றால் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. சேர்ந்தது என்றால் அங்கே எனக்கு வேலையே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவளைப் பார்க்க முடியாது.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா காய் நறுக்கியபடியே என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்தாள். "யாருடா அவ?" அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கூறுகெட்டவனே, அவ விக்கிற பொருளையெல்லாம் குறை சொன்னா உன்னை எப்படிடா புடிக்கும்? புகழ்ந்து பேசு."

"புகழ்ந்துட்டா அப்புறம் என்னத்தச் சொல்லிப் போறது?"

மாமா, அக்காவின் கணவர், வாய் திறப்பதே அபூர்வம். பேப்பரை இறக்கினார். "ஹெட்டு ஒரு தடவதான் வாங்குவே மாப்ள. நரம்பு தேயத் தேய வாங்கிக்கிட்டே இருக்கலாமே."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உலகத்தில் புல் முளைக்கும்வரை எனக்குக் கவலையில்லை! அந்த ஆனந்தத்தில் டப்பாவைப் பிரிக்கக்கூட இல்லை. நான்கும் சேர்ந்தன, ஐந்தாவது சேராமலா போகும்?

மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன்.

"சேந்துச்சா?" என்றாள்.

"சேந்துச்சாவா! மெஷினோட பொறந்த மாதிரி உக்காந்துச்சுங்க. ஆஸ்பத்திரி முன்பக்கம் முழுக்க அடிச்சுத் தள்ளிட்டேன். தரையில ஒரு தட்டு தட்டுனா நரம்பு கரெக்டா ரெண்டு விரல் நீளம் வெளிய வருது. ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அதிர்வு இல்ல. நரம்பு ஒரு சுருள் குடுங்க."

"உருண்டையா, சதுரமா?"

"உருண்டை. சதுரம் களைய நல்லா அறுக்கும், ஆனா மரக்கன்னுல பட்டா பட்டைய உரிச்சிடும்." அதுவரை நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "எந்தப் பக்கம் திருகி மாட்டுனீங்க?"

"இடது பக்கம். எப்பவும் போல."

"உங்க மெஷினுக்கு இடது பக்கம் திருகுற மரைதான். நேத்து நான் குடுத்தது வலது மரை. தலைகீழா நின்னாலும் அது உங்க மெஷின்ல ஒரு சுத்து ஏறாது."

நான் நரம்புச் சுருள்கள் இருந்த பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"வேணும்னேதான் குடுத்தேன். மாட்டிப் பாக்குற ஆளா இருந்தா, மரையே வேறன்னு சண்டைக்கு வந்திருப்பீங்க. இப்ப சொல்லுங்க, எதுக்கு வர்றீங்க?"

இன்னொரு புளுகுக்காக வாயைத் திறந்தேன். வந்தது உண்மைதான். "உங்களப் பாக்க," என்றேன். "நாலு ஹெட்டும் நல்லாதான் சேந்துச்சு. உங்க பொருள்ல ஒரு குறையும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

அவள் பென்சிலை மறுபடி காதில் செருகினாள். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அப்பா! நீங்க சொன்னதுதான்!"

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. "மூணாவது டப்பாவுக்கே சொன்னேன், நீதான் நம்பல. உள்ள வரச் சொல்லு அவர."

அவள் கவுன்ட்டர் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அசையாமல் நின்றேன்.

"வாங்க," என்றாள், பலகையைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னிக்கு எனக்குப் பொழுதே போக மாட்டேங்குது."