தண்டபாணி பேர் போட்ட கொடி

காலுறை ஏறவில்லை. மெர்லின் அப்பாவின் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தாள். நீர் கோத்து வீங்கிய கால். துணி கணுக்காலைத் தாண்ட மாட்டேன் என்று சுருண்டு நின்றது.

"போட்டே ஆவணுமா? பாதி வயசு வெறுங்காலோட பந்து ஆடின ஆளு" என்றாள் அம்மா சிலுவையம்மாள், சுவரில் சாய்ந்தபடி.

மெர்லின் கத்தரிக்கோலை எடுத்துக் காலுறையின் பின்பக்கத்தை நெடுக்கக் கீறினாள். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பெருவிரல் நகம் கறுத்து, கிளிஞ்சல் மாதிரித் தடித்திருந்தது. நாற்பது வருஷமாக அது அப்படியேதான் வளர்ந்துகொண்டிருந்தது. வெட்டவும் முடியாது, விடவும் முடியாது. அதையும் மூடினாள்.

காலை ஆறு மணிக்கு அப்பா செல்வநாதன் போய்விட்டார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, பெரியாஸ்பத்திரியில் வரிசை போட்டு, ரத்தம் சுத்தம் செய்து முடிகிறவரை பெஞ்சில் காத்திருந்து, பிறகு அங்கிருந்தே திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்கு ஓடுவாள். மூச்சு நின்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது, நாளைக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டியதில்லை என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். கல்மண்டபத்துச் சந்து குறுகல். பெட்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, எதிர்வீட்டுத் தண்ணீர்க் குடங்களை நகர்த்தி உள்ளே கொண்டுவர அரைமணி ஆயிற்று. வெளியே ஷாமியானா போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

மெர்லின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது கிளப்பிலிருந்து வருகிறவர்களை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "பொட்டி மேல கொடி போடச் சொல்லு. சௌக்கத் பேரு கூப்புடட்டும். வேற ஒண்ணியும் வேணாம்மா எனுக்கு." அவள் இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே, "சர்தான் நைனா" என்றாள். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. சொன்னது சொன்னதுதான்.

வார்ஃப் ஸ்போர்ட்டிங் கிளப்பின் வழக்கம் அது. அந்தக் காலத்தில் ஹார்பரில் தினமும் காலையில் பேர் கூப்பிடுவார்கள். "ஆஜர்" என்று குரல் கொடுத்தவனுக்குத்தான் அன்றைக்கு மூட்டை. மூட்டை தூக்கினவர்கள் ஆரம்பித்த கிளப் ஆகையால் சாவுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். எண்பத்தாறில் கோழிக்கோட்டில் கோப்பை ஜெயித்த பதினோரு பேரில் ஒருவர் செத்தால், சவப்பெட்டி மேல் கொடி விரியும். கல்லறை வாசலிலோ சுடுகாட்டு வாசலிலோ கேப்டன் பதினோரு பேரையும் வரிசையாகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவன் தானே ஆஜர் சொல்லுவான். போய்ச் சேர்ந்தவனுக்குக் கூட்டம் சொல்லும். பிறகு கொடி அவனோடேயே போய்விடும்.

பதினொரு மணிக்கு அபின் வந்தான். கிளப்பை ஒரு கம்பெனி வாங்கி, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுத்து, நாடு முழுக்க நடக்கிற லீக்கில் இறக்கிய பிறகு வந்த பையன். நாகர்கோவில் பக்கம். கிளப்பின் சரித்திரத்தை எழுதுகிற வேலை அவனுடையது. கையில் மலர்வளையம். கொடி இல்லை.

"அக்கா, ரொம்ப வருத்தம்" என்றான். "சார் எண்பத்தி மூணுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும் லெஃப்ட் விங்கு. லீக்ல மட்டும் அறுபத்தோரு கோலு. நான்தான் பழைய பேப்பரெல்லாம் பாத்து எண்ணினேன்."

"கொடி?"

அபின் மலர்வளையத்தைக் கை மாற்றிக்கொண்டான். "ஃபைனல் லிஸ்ட்ல சார் பேரு இல்லேல்லா அக்கா. செமி ஃபைனல்ல ரெட் கார்டு. ஃபைனல்ல பதினோராம் நம்பர் தண்டபாணி சார். கோலும் அவருதான் போட்டாரு. ஆபீஸ்ல பதினோரு கொடிதான் தச்சு வச்சிருக்கு, மூலையில அவங்கவங்க பேரு போட்டு. ஏழு போயாச்சு, மிச்சம் நாலு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மெர்லினுக்குத் தெரிந்தது வேறு. இந்தச் சந்தில் அறுபது தாண்டிய எல்லோருக்கும் தெரிந்தது. செமி ஃபைனலில், "கூலிக்காரப் பசங்க" என்று சொன்ன எதிரணிக்காரன் ஒருவனை அப்பா அறைந்தார். சிவப்பு அட்டை. ஃபைனலில் இறங்கக்கூடாது. அவருக்குப் பதில் ஆட வேண்டிய தண்டபாணி முதல் நாள் ராத்திரி மீன் கறி ஒத்துக்கொள்ளாமல் லாட்ஜில் சுருண்டு கிடந்தார். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே மீசை. ஆட்டக்காரர் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவில் யார் முகமும் யார் முகமாகவும் இருக்கலாம். தண்டபாணியின் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அப்பா இறங்கினார். எழுபத்தெட்டாவது நிமிஷம் கோல் போட்டார். கோப்பை வந்தது. பேப்பரில் தண்டபாணி என்று வந்தது. அந்தக் கோலுக்காக மணலியில் ஒரு கம்பெனி தண்டபாணியைக் கூப்பிட்டு நிரந்தர வேலை கொடுத்தது. அப்பா ஐம்பத்தெட்டு வயது வரை மூட்டை தூக்கினார்.

வெளியே வாய் திறந்தால் கோப்பை போய்விடும். அத்தனை வருஷத்தில் கிளப் ஜெயித்த ஒரே பெரிய கோப்பை. ஒருத்தரும் திறக்கவில்லை.

தண்டபாணி வந்து ஷாமியானாவின் கோடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அன்றைய கோல்கீப்பரும் கேப்டனுமான சௌக்கத் அலி, கைத்தடியில் முகவாயை ஊன்றியபடி. மெர்லின் நேரே போய் எதிரில் நின்றாள்.

"மாமா, அந்தப் புள்ளையாண்ட ஒரு வார்த்த சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

"நடந்தத சொல்லு."

தண்டபாணி சௌக்கத் அலியைப் பார்த்தார். சௌக்கத் அலி ரோட்டைப் பார்த்தார்.

"ஒனுக்குக் கொடுத்த வேலையத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. ரிட்டயர்டே ஆயிட்ட" என்றாள் மெர்லின். "எங்க நைனா கேட்டது ஒரு துணி. நாலு முழம் துணி."

"வேலைக்காவ இல்லம்மா..."

"பின்ன இன்னாத்துக்கு?"

அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டுச் சந்தைவிட்டு வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த எதிர்வீட்டுப் பவுனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஓடிட்டாரா? நல்லா ஓடுவாரு. அன்னிக்கும் கப்பு வரசொல்லோ கக்கூஸ்லதான இருந்தாரு."

யாரோ சிரித்தார்கள். மெர்லினுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு தலையும் வலித்தது. உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே அப்பா, எதையும் கேட்காதவராக.

"கெடைக்கலியா?" என்றாள் சிலுவையம்மாள்.

"இல்ல."

"ஒங்க நைனா அந்தக் கோல குடுத்துட்டு வந்தவரு. குடுத்தத எப்டி கேக்கறது?" அம்மா முந்தானையால் கண்ணாடி மேல் படிந்த நீர்த்திவலையைத் துடைத்தாள். உடனே மறுபடி படிந்தது.

மூன்றரைக்குப் பங்குச் சாமியார் வந்தார். மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். தூக்க நாலு பேர் போதவில்லை, ஆறு பேர் பிடித்தார்கள். அத்தனை தண்ணீர் உடம்பில். மூடியை வைக்கப் போகும்போது சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. தண்டபாணி இறங்கினார். பின்னாலேயே, மலர்வளையத்தை வைத்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்பியிருந்த அபின், போனைக் காதில் வைத்துக்கொண்டு, முகம் வெளிறி.

தண்டபாணியின் கையில் மடித்த துணி. கிளப்பின் நீலமும் சாக்குப் பழுப்பும்.

"நான் சொல்லிப் பாத்தேன் அக்கா" என்றான் அபின். "உசிரோட இருக்கவங்களுக்குக் குடுத்த வழக்கமே கிடையாது. ஹெட் ஆபீஸ்ல என்னைய கேப்பாங்க."

"என் பேரு போட்டுக்கினுகீது. என்து. கையெழுத்து போட்டு வாங்கிகினேன்" என்றார் தண்டபாணி.

"அப்ப நாளைக்கு ஒனுக்கு?" என்று கேட்டார் சௌக்கத் அலி.

"எனுக்கு மூலக்கொத்தளம் சுடுகாடு. மோளம் கீது, பூவு கீது. போதும்."

மெர்லின் துணியை வாங்கிப் பிரித்தாள். மூலையில் மஞ்சள் நூலில் 'தண்டபாணி 11' என்று தைத்திருந்தது. தையல் நன்றாக இருந்தது. அவளுக்குக் காலையிலிருந்து வராத கோபம் அப்போது வந்தது.

"இன்னா மாமா இது? செத்தப்புறமும் எங்க நைனா ஒன் பேர்லதான் போவணுமா?"

சாமியார் ஜெபப் புத்தகத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

தண்டபாணி சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் தடவினார். எதுவும் இல்லை. "ஒன்னாண்ட வந்து நிக்க எனுக்கு வேற ஒண்ணும் இல்லம்மா. மைக்குல சொல்லணும்னா சொல்றேன். தோ, பாதரு மைக்கு கீது. நீ தலய ஆட்டு. இப்பவே சொல்றேன், நான் ஆடல, இவன்தான் ஆடினான்னு."

அபின் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

மெர்லின் சௌக்கத் அலியைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் அன்றைய அணியில் மிஞ்சியிருந்த இன்னும் இரண்டு கிழவர்கள். ஒருவருக்கு வாய் கோணி, எச்சில் ஒழுக, பேத்தி துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அப்பாவின் பேர் வந்துவிடும். வந்து எதன் மேல் உட்காரும்? கோப்பைதான் இருக்காதே.

அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக்கு வேணாம்."

துணியைத் தண்டபாணியிடமே நீட்டினாள்.

"துணியப் போடு மாமா. பேரு கீற மூலைய தலமாட்டுல வெக்காத. கால் பக்கம் வை."

மூடியை வைத்ததும் தண்டபாணி சொன்னபடி செய்தார். சுருக்கம் இல்லாமல் நாலு பக்கமும் இழுத்துவிட்டார். ஒரு பக்கம் குனிந்து மறுபக்கம் நிமிரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார். சிலுவையம்மாள் வந்து, அவர் இழுத்துவிட்ட இடத்தையே இன்னொரு முறை தடவிவிட்டுப் போனாள்.

கோவிலில் பூசை முடித்துக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். சௌக்கத் அலிக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. கைத்தடியை மகனிடம் கொடுத்துவிட்டு நேராக நின்றார்.

"ஒண்ணு. சௌக்கத் அலி." தானே சொன்னார்: "ஆஜர்."

"ரெண்டு. லூர்துசாமி."

"ஆஜர்" என்றது கூட்டம். மீன் வண்டிக்காரர்கள், ஹார்பர் ஆட்கள், சந்துப் பெண்கள், யாரென்றே தெரியாத இரண்டு கல்லூரிப் பையன்கள்.

பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலும் கூட்டம்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் கோணியவர் தன் பேருக்கு ஏதோ சத்தம் போட்டார். எல்லோரும் அதை ஆஜர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"பதினொண்ணு." சௌக்கத் அலியின் குரல் இங்கே கொஞ்சம் இறங்கியது. "தண்டபாணி."

தண்டபாணி பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். வாய் மூடியிருந்தது.

அபின் அவர் பக்கம் சாய்ந்தான். "சார், உங்க பேருதான்."

அவர் திரும்பவில்லை. சௌக்கத் அலியும் அவசரப்படவில்லை. மதில் மேல் இருந்த காக்கை ஒன்று பறந்து போனது. அபின் அவரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றான்.

கிழவர்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து முதலில் வந்தது. "ஆஜர்." அப்புறம் பவுனம்மாள். அப்புறம், எதற்கென்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து. மெர்லினின் குரல் எல்லோருக்கும் பிந்தி, தனியாக வந்தது.

கயிறு கட்டி இறக்கினார்கள். மண் போட்டார்கள். மண்ணள்ளிப் போட்ட கையைக் கழுவக் குழாயில் தண்ணீர் வரவில்லை, புடவையில் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. அம்மாவைப் பவுனம்மாளோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள்.

வெளியே ரோட்டில் தண்டபாணி தனியாக நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு காலை முன்னால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

மெர்லின் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் பார்த்தார்.

"எப்டி போவ?"

"அந்தாண்ட போனா பஸ்ஸு கெடைக்கும்."

இரண்டு டிரெய்லர்கள் போயின. மூன்றாவது வண்டிக்காரன் பிரேக் போட்டு நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போகச் சொன்னான். முன்னால் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் நகராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.