தொடச்சா போயிடும்

மூன்றாவது கார் ஷோரூமின் வாசலில் நின்றுகொண்டு, "இங்கயும் ஏறணுமாம்மா?" என்று கேட்டார் ஐயாவு. பிரமிளாவின் மாமனார். பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. வலது கையும் வலது காலும் அவர் சொன்னதைக் கேட்பதில்லை. காலையிலிருந்து ஈப்போவில் இரண்டு இடங்களில் அவரைக் காடிகளில் ஏற்றி இறக்கியாகிவிட்டது.

"இதான் மாமா கடைசி," என்றாள் பிரமிளா.

அவள் கணவன் தனேஸ்வரன் கைப்பேசியில் ஓர் அட்டவணை வைத்திருந்தான். மூன்று எஸ்யூவிகள், மூன்று பத்திகள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டின் அளவு, திரையின் அகலம், கூரைக் கண்ணாடி, மூன்றாவது வரிசையில் முட்டிக்கு எவ்வளவு இடம். இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. சாப்பிடும்போதுகூட யாரோ ஒருவன் காடிக் கதவைச் சாத்திக் காட்டும் வீடியோவைப் போட்டு, அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பான். யார் கேட்டாலும், "அப்பாவுக்காகத்தான்லா. இப்ப உள்ள காடியில அவருக்குக் காலு நீட்ட முடியல" என்பான். அந்த அட்டவணையில் ஏறும் படியின் உயரத்துக்கு ஒரு வரி கிடையாது. பிரமிளா அரசாங்க கிளினிக்கில் தாதி. தினமும் இப்படிப்பட்டவர்களைத் தாங்கிப் பிடிக்கிறவள். முதல் வாரமே அதைக் கவனித்தாள். அவன் முகம் சுருங்குமே என்று சொல்லாமல் விட்டாள். இப்போது அதை நினைக்க அவள் வாயில் கசந்தது.

விற்பனையாளர் ஷர்வின் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெளிர்மஞ்சள் தோல் இருக்கைகள்.

"நடுவுல பிள்ளைங்க உக்காருவாங்க. அப்பா, நீங்க ஆகப் பின்னாடி ஏறிப் பாருங்க," என்றான் தனேஸ்வரன்.

"அண்ணே, அங்கிளுக்குச் சிரமமா இருக்கும். முன்னாடி உக்கார வைக்கலாமே," என்றார் ஷர்வின்.

"முன்னாடி என் வைஃப் இருப்பாங்கல்ல."

மடக்கிய நடு இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் ஐயாவு குனிந்து நுழைந்தார். நாற்பது வருடம் கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மேட்டிலும் பள்ளத்திலும் பால்வாளி சுமந்தவர், ஒரு காடிக்குள் நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். வலது கால் எங்கோ மாட்டிக்கொண்டது. மகன் பின்னாலிருந்து அவர் இடுப்பைத் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தான்.

"டேய், இறக்கி விடுறா. அவசரமா வருது."

"ஒரு நிமிசம்ப்பா. முட்டி இடிக்குதான்னு மட்டும் பாத்துக்கிறேன்."

"மொதல்ல இறக்குங்க!" என்று பிரமிளா ஓடிவந்தாள். அதற்குள் ஐயாவுவின் கால்சட்டை இருண்டு, ஈரம் இருக்கையில் பரவியது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"பரவால்ல அண்ணே, நாங்க பாத்துக்குவோம். மொதல்ல அங்கிளப் பாருங்க," என்றார் ஷர்வின்.

தனேஸ்வரன் டிஷ்யூவைப் பிடுங்கினான். அப்பாவை அப்படியே ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு இருக்கையைத் துடைத்தான். விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு கண்டுபிடிப்பைப் போல நிமிர்ந்தான்.

"பாத்தியா மிலா, மத்த ரெண்டுலயும் துணி சீட்டு. இது தொடச்சா போயிடுது."

கைப்பேசியை எடுத்து மூன்றாவது பத்தியில் ஒரு கூட்டல் குறி போட்டான்.

கழிப்பறையில் மாமனாரின் கால்களைக் கழுவிவிடும்போது பிரமிளாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதைவிட மோசமானதையெல்லாம் கிளினிக்கில் முகம் சுளிக்காமல் துடைத்திருக்கிறாள். இது வேறு. பதினோரு வருடம் அவளோடு ஒரே படுக்கையில் படுத்த மனிதனின் கை, அந்தக் கூட்டல் குறியைப் போட்ட கை, அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சின்னக் காடியே வாங்குங்கம்மா. நான் வீட்டுல இருந்துக்கிறேன்," என்றார் ஐயாவு, சுவரைப் பார்த்துக்கொண்டே.

அவள் தன் சால்வையை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

வெளியே வந்தபோது மேசையில் தாள்கள் விரிந்திருந்தன. "ஐசி கார்டு கொடு. உன் பேருலதான லோன், சைன் பண்ணிட்டா முடிஞ்சிரும்," என்றான் தனேஸ்வரன்.

"நான் போட மாட்டேன்."

"என்ன பேசுற? எல்லாம் கம்பேர் பண்ணிட்டோமே. இவரு முன்னால மாலு பண்ணாத."

"மானம் போவுதா? அப்பாவ அப்படியே போட்டுட்டு சீட்டத் தொடச்சீங்களே, அப்ப போவலயா?"

அவன் ஷர்வினைப் பார்த்து, சங்கடமாகச் சிரித்தான். ஷர்வின் சிரிக்கவில்லை. தாள்களை மெதுவாக அடுக்கினார்.

பிரமிளா கைப்பேசியில் வாடகைக் காடியை அழைத்தாள். பழைய சின்னக் காடி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த மலாய்க்கார அம்மா ஐயாவுவைப் பார்த்ததும் இறங்கி, எதுவும் கேட்காமல் முன்னிருக்கையில் ஒரு துண்டை விரித்தார்.

"பூசிங் டுலு, பாச்சே. டுடோக். பாரு காக்கி."

முதலில் திரும்பி, அப்புறம் உட்கார்ந்து, கடைசியாகக் கால். ஐயாவு அப்படியே செய்தார். யாரும் தள்ளவில்லை. உட்கார்ந்ததும் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காடி நகர்ந்தது. பிரமிளா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த எஸ்யூவியின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. தனேஸ்வரன் உள்ளே மண்டியிட்டு, இருக்கையில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கி, ஷர்வினையும் வந்து மோந்து பார்க்கும்படி கையசைத்துக் கூப்பிட்டான்.