மூன்று நாற்பது

ஊர் வரலாற்றுக் கூட்டம் ஆறு மணிக்கு. பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் கறுப்புத் திரை மாட்ட வந்த தையல்காரி மூன்று மணிக்கே வேலையை முடித்து ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். அவள் ஒரு கூட்டத்துக்கும் வந்தவள் இல்லை. கூட்டம் நடத்தும் வரலாற்று வாத்தியாருக்கும் ஏனென்று தெரியும்.

காரணம் சுவரில் தொங்கியது. துறைமுகத்தில் எடுத்த போட்டோ. யாரென்று தெரியாத மூன்று வெளியூர்க் கூலிகள் நிற்கிறார்கள். நாலாவது ஆள், கடலுக்குப் போகாதே என்று படகுகளை எச்சரிக்கும் புயல் கொடியைக் கம்பத்தில் ஏற்றுகிறார். கொடி பாதியில் இருக்கிறது. பின்னால் மணிக்கூண்டு, மணி மூன்று நாற்பது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன், அன்று காலை ஒன்பதுக்குப் புறப்பட்ட படகு திரும்பவில்லை. பதினொரு பேர். கயிற்றை இழுப்பவர் அவளுடைய அப்பா.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர், தூங்குமூஞ்சி மக.

இதுவரை அந்தப் போட்டோ ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவில்தான் இருந்தது. இந்த வருடம் ஓவியக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டதால் ஆளுயரத்துக்கு அச்சிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே, அதைப் பார்த்து உள்ளூர் ஓவியர் தீட்டிய எண்ணெய் ஓவியம். பார்க்காமல் போய்விடத்தான் நினைத்தாள். தொழில் பார்க்கவைத்தது.

"சார், ஓவியத்துல சட்டைப் பை இடது பக்கம் இருக்கு. போட்டோவுல வலது பக்கம்."

"அவர் கவனிக்காம வரைஞ்சிருப்பாரு, டெய்லரம்மா."

"அவர் சரியாத்தான் வரைஞ்சிருக்காரு. போட்டோவுலதான் நாலு பேருக்கும் வலது பக்கம். பட்டனும் பொம்பளைச் சட்டை மாதிரி எதிர்ப் பக்கம். நாலு டெய்லருக்கும் ஒரே நேரத்துல புத்தி கெட்டுப்போச்சா?"

வாத்தியார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நெகட்டிவைத் திருப்பி வச்சுப் பிரிண்ட் போட்டா இப்படி வரும்" என்றார். மேஜைக்குப் போய் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, எதையோ அழுத்தினார். திரையில் படம் இடம் வலமாகப் புரண்டது. சட்டைப் பைகள் இடது பக்கம் வந்தன.

"இப்பப் பாருங்க, சரியா இருக்கு" என்றாள்.

வாத்தியார் திரைக்குக் கிட்டே குனிந்தார். சட்டைகளை அவர் பார்க்கவில்லை. மணிக்கூண்டின் முகத்தில் எண்கள் கிடையாது, வெறும் கோடுகள்தான். அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள்.

எட்டு இருபது.

"படகு எத்தனை மணிக்கு சார் கிளம்புச்சு?" ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் கேட்டாள்.

"ஒன்பது."

நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "இருபது வருஷமா இந்த மணியைக் குச்சியால தொட்டுக் காட்டியிருக்கேன். அந்தப் புத்தகமும் நான் போட்டதுதான்." பிறகு, "அப்பாவைக் கூட்டிட்டு வாங்கம்மா. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்" என்றார்.

அவள் படி இறங்கி வீட்டுக்கு நடந்தாள். காலையிலேயே ஏற்றிவிட்டேன், படகுக்காரன் பார்த்துவிட்டுத்தான் போனான் என்று பன்னிரண்டு வருடம் சொன்ன மனிதர் அப்பா. பிறகு வாத்தியாரின் புத்தகம் வந்தது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் போட்டாள். "போட்டோ பொய் சொல்லுமாப்பா? ஒத்துக்கிட்டா ஊர் வாயாவது மூடும்." அடுத்த வாரம் அவர் பதினொரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அப்பா சமையலறை மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பை, பட்டன், நெகட்டிவ், கடிகாரம். அவர் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்லம்மா" என்றார். "மூணு நாப்பதுக்குத்தான் ஏத்தினேன். சாப்பிட்டுட்டுக் கண்ணசந்துட்டேன். எழுந்து ஓடுறேன், மழை. கயிறு கையில நிக்கல, வழுக்குச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

"போட்டோவுல மழையே இல்லப்பா. உங்க சட்டை காஞ்சிருக்கு."

"வழுக்குச்சும்மா." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் எது நிஜமென்று அம்மாவைக் கேட்டிருக்கலாம்.

"முதல்ல நீங்க இப்படிச் சொல்லலப்பா. வேற நேரம் சொன்னீங்க. வருஷக்கணக்கா சொன்னீங்க."

"சொன்னேனா?"

"சொன்னீங்க. நான்தான் நம்பல."

அப்பா உரிப்பதை நிறுத்தினார். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து தன்னைப் பற்றி ஏதோ சொல்வதுபோல அவளைப் பார்த்தார்.

"என்ன நேரம்மா சொன்னேன்?"