இருபது வோல்ட் போதும்

மூன்று மணிக்கு வாங்குபவர் வருகிறார். மேஜைமேல் இருப்பதோ ஒரே ஒரு மின்மீட்டர் போர்டு. அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிப் கருகிப்போனால் வேறொன்று வந்துசேர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஆர்டர் கைநழுவிவிடும். பட்டறையை இழுத்து மூடிவிட்டு, அண்ணன் பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் தம்பி. மாலை வகுப்பில் படித்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தான். எண்பத்தாறு ஈயப் பற்றுகளையும் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை பார்த்தாயிற்று.

சோதனை அண்ணியின் பொறுப்பு. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கின் குமிழைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, பூஜ்யம்தானா என்று மல்டிமீட்டரை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"அதான் சைபர்ல நிக்குதே, கண்ணு தெரியலையா?" என்றான் அண்ணன்.

"குமிழ் சொல்லுது. கம்பி என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமா?"

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவர் வந்து, உக்காந்து, எழுந்து போயிடுவார். இருநூத்தி அறுபது வரைக்கும் தாங்கும்னு நாமளே அச்சடிச்சிருக்கோம். இருநூத்தி முப்பதைப் பட்டுன்னு போடு."

"அது வாசல் தாங்குறது. உள்ள இருக்கிற சிப்போட கால் அரை வோல்ட்டுக்கு மேல தாங்காதுங்க."

வாசலில் நுழைவதை ரெசிஸ்டர்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் சிப்புக்கு அனுப்ப வேண்டும். தம்பிக்கும் அது தெரியும்.

"ஒரு நூறாவது போடலாமே அண்ணி?"

"இருபது போதும் தம்பி. ரெசிஸ்டர்ல பத்து மடங்கு தப்பிருந்தாலும் இருபதுக்குச் சிப் பிழைச்சுக்கும். நூறுக்குப் பிழைக்காது."

"தப்பு இருக்குன்னே முடிவு கட்டிட்டீங்களா?" அவனுக்குச் சுருக்கென்றது.

"ஐயோ, இல்ல. இருந்தா அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே? அடிபடாமப் பிடிக்கணும்."

"இருபதுல என்னத்தத் தெரியப்போகுது?" என்று அண்ணன் முனகினான்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். சும்மா இருங்க."

குமிழ் மெல்ல இருபதுக்குத் திரும்பியது. சிப்பின் காலில் இருபது மில்லிவோல்ட் வந்திருக்க வேண்டும். மல்டிமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றெட்டைக் காட்டியது.

அண்ணி குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், போர்டை ஜன்னலருகே எடுத்துப்போனாள்.

"தம்பி, இந்த ரெசிஸ்டர்ல மூணாவது பட்டை என்ன நிறம்?"

"சிவப்பு."

"வெளிச்சத்துக்கு வந்து சொல்லுங்க."

ஆரஞ்சு. மேஜை விளக்கின் மஞ்சள் ஒளியில் அது சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. ரெசிஸ்டரின் அளவைச் சொல்வதே அந்தப் பட்டைகளின் நிறம்தான்; ஆயிரம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பத்தாயிரம். பற்றுகளை இரண்டு தடவை பார்த்தவன், நிறத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"முழுசாப் போட்டிருந்தா?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

தம்பி மனதுக்குள் கணக்குப் போட்டான். அரை வோல்ட் தாங்கும் காலில் இரண்டேகால் வோல்ட்.

அண்ணி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. சரியான ரெசிஸ்டரைத் தேடியெடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவளுடைய நிதானத்தைப் பயம் என்றுதான் அவன் இத்தனை நாளும் எண்ணியிருந்தான். அவன் செய்யக்கூடிய தப்புக்கும் சேர்த்து அவள் முன்கூட்டியே இடம் விட்டுவைத்திருந்தாள். நூறைக் கேட்டவன் அவனேதான் என்று நினைத்தபோது காது சுட்டது.

மாற்றிப் பற்றவைத்தான். மறுபடி இருபது. இந்த முறை சிப்பின் காலில் சரியாக இருபது மில்லிவோல்ட். பிறகு ஐம்பது, நூறு, இருநூற்று முப்பது, கடைசியாக இருநூற்று அறுபது. ஒவ்வொரு படியிலும் அண்ணி நின்று அளந்தாள்.

வாங்குபவர் வந்தார். போர்டின் சின்னத் திரையில் ஓடும் எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குமிழில் கைவைத்தார்.

"இன்னும் திருகிப் பார்ப்போமா?"

"இருநூத்தி அறுபது வரைக்கும் திருகுங்க சார். அதுக்கு மேல வேணாம்," என்றாள் அண்ணி. "மேல போனா என்ன ஆகும்னு நான் பார்த்ததில்ல. பார்க்காததைத் தாங்கும்னு சொல்ல மாட்டேன்."

அண்ணன் முகம் வெளிறியது. வாங்குபவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இருநூறு போர்டு வேணும். எல்லாத்தையும் இவங்கதான் சோதிக்கணும். நாளாகுமே, பரவாயில்லையா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்க பட்டறையில என்னிக்கு சார் அவசரப்பட்டிருக்கோம்?"

தம்பி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.